வீட்டுத் தோட்டத்துக்கு மரந் தெரிந்தெடுத்தல்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பல்லாவரம், வண்டலூர் முதலிய இடங்களிலுள்ள நமது சங்கங்களின் அங்கத்தினர்களிற் பலர், மனை வாங்கி வீடு கட்டி முடித்ததும் வாசலில் ஒரு மரம் நடுகிறார்கள். இது மெத்தவும் சந்தோஷிக்கத்தக்க காரியமே. ஆனால் எந்த மரத்தை, எந்த மாதத்தில், சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நடவேண்டுமென்று முன்கூட்டியே விசாரிப்பவர் மிகச் சிலர். நர்சரிக்குச் சென்று, அன்றைய தினம் அங்கே எது பூத்து நிற்கிறதோ அதை விலை பேசிக் கொண்டுவருவதே பொது வழக்கமாயிருக்கிறது. மரமோ ஐம்பது வருஷம் நிற்கப் போகிறது. ஒரு கறவை மாடு வாங்கக் கடன் கேட்பவர் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, கறந்தும் பார்க்கிறார். அந்தச் சிரத்தையிற் பாதி மரத்துக்குக் காட்டினாலும் போதும்.

இவ்விஷயத்தில் பிறருக்குப் புத்தி சொல்ல எனக்கு உள்ள யோக்கியதை நான் செய்த பிழை ஒன்றே. நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு சங்கத்தை மேற்பார்வையிடப் போவதுண்டு. அச்சங்கத்தின் முற்றத்தில், அரைக் கிரவுண்டுக்கு நிழல் பரப்பிக்கொண்டு, குல்மொஹர் என்னும் செம்மயிற்கொன்றை ஒன்று நின்றது. சித்திரை வைகாசியில் அது தீப்பிடித்தாற்போலப் பூத்திருக்கும் அழகைக் காண அயலூரார்கூட நின்று போவார்கள். 2016-ம் வருஷம் புரட்டாசி மாதத்தில் அங்கே காவல் பார்த்த பெரியவர், “ஐயா, இதன் தலையைக் கொஞ்சம் கழித்துவிட்டால் தேவலை, கார்த்திகைக் காற்று யாரைக் கேட்டுக்கொண்டு வரும்?” என்றார். வருகிற சித்திரையில் பூக் குறைந்துவிடுமே என்று சொல்லித் தடுத்தவன் நானே. அதற்கு முந்தின கோடையில் முற்றம் முழுவதற்கும் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போட்டார்கள். சுத்தமாயிருக்கிறதென்று பார்வைக் குறிப்பில் பாராட்டி எழுதியவனும் நானே.

அவ்வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் கரையேறிற்று. மரம் வேரோடு சாய்ந்து ஆபீசுக் கூரையை உடைத்தது. ஓட்டுக்கு அடியிலிருந்த அலமாரியில் பங்குத்தொகைப் பேரேடும் கடன் பதிவேடுகளும் இருந்தன. மழை நீரில் மை கரைந்து, எவர் எவ்வளவு கட்டினார் என்பது தெரியாத பக்கங்கள் அநேகம். அங்கத்தினர்களின் கைரசீதுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சரிபார்த்துக் கணக்கைத் திரும்ப எழுத ஏறக்குறைய நான்கு மாதம் பிடித்தது. ரசீதைத் தொலைத்துவிட்ட ஏழை அங்கத்தினர் சிலர் அந்நான்கு மாதமும் பட்ட மனக்கிலேசத்தை நான் மறப்பதற்கில்லை. மரம் வெளிப்புறமாய்ச் சாய்ந்திருந்தால் பக்கத்து மாட்டுக் கொட்டகை போயிருக்கும்.

அன்று சென்னையிலும் புறநகர்களிலும் பல ஆயிரம் மரங்கள் விழுந்தன. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அடித்த காற்றில் எந்த மரமும் விழக்கூடியதே. ஆயினும் மறுநாள் தெருக்களில் கிடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கிற்று: செம்மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகிய மூன்றுமே திரும்பிய பக்கமெல்லாம் கிடந்தன. இவற்றில் முதலாவது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்காவின் வெப்பப் பிரதேசத்தைச் சேர்ந்தது. இயல்வாகை தென்கிழக்காசியா முதல் வட ஆஸ்திரேலியா வரையிலும் உரியது. விரைவில் வளர்ந்து, குடைபோல் அகன்று நிழல் தருமென்பதற்காகச் சாலையோரங்களில் இவற்றை ஏராளமாக நட்டார்கள். விரைவில் வளர்ந்த கட்டை உறுதி குறைந்தது. அகன்ற குடையோ காற்றுக்குப் பாய்மரச் சீலை போன்றது. வேர்கள் ஆழ இறங்காமல் மேல் மண்ணிலேயே படர்பவை. மேலும் நமது புயற்காலத்தில் இவை இலை உதிர்த்து நிற்பதில்லை. மழையில் நனைந்து தழைத்து முழுப் பாரத்தோடு நிற்கின்றன.

வேம்பும் புங்கமும் விழவில்லையா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். விழுந்தன. குழாய்க்காகவும் மின்கம்பிக்காகவும் தோண்டி ஒரு பக்கத்து வேரை அறுத்த இடங்களிலும், கழுத்துவரை சிமெண்டு பூசிய இடங்களிலும் அவையும் விழுந்தன. ஆகவே மரத்தின் ஜாதி பாதி விஷயம். வேருக்கு நாம் விடும் இடம் மறுபாதி.

நமது பிரதேசத்தின் பருவத்தை இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். சென்னைப் பக்கத்தில் வருஷத்துக்குச் சராசரி 140 செண்டிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதிற் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. சில சமயம் அதுவும் ஒரே நாளில் வரும். 2015-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் முழுகின. பிறகு தை முதல் ஆனி வரையில் பெரும்பாலும் வறட்சி. ஆகையால் இங்கே நிற்கவேண்டிய மரம் மூன்று பரீட்சைகளில் தேறவேண்டும்: கார்த்திகைக் காற்று, தேங்கும் தண்ணீர், சித்திரை வெயில். பூவின் அழகு நான்காவது.

இம்மூன்றிலும் தேறியவை எவை என்று அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ம் வருஷத்தில் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியபோது, சேலையூர்க் காட்டில் 350 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்குக் கிடைத்தது. அக்கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த எட்வர்டு பார்ன்ஸ் என்பவரும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸ் அம்மையாரும் அவ்விடத்துச் செடிகளை ஆராய்வதிலும் மரங்கள் வளர்ப்பதிலும் மிகுந்த சிரத்தை காட்டினார்கள். அவ்வளாகத்திலும், மேடவாக்கத்துக்கு அருகிலுள்ள நன்மங்கலம் காப்புக்காட்டிலும் எஞ்சியிருக்கும் புதர்க்காட்டைப் பார்த்தால், சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைக் காட்டின் சாயல் தெரியும். மரங்கள் உயரத்திற் குறைவு. இலைகள் சிறியவை, தடித்தவை, எக்காலமும் பசுமையானவை. கட்டை இரும்பு போன்றது. உலக்கைப் பாலை, வீரை, காயா, களா, வெட்சி, காரை முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கடற்காற்றும் வறட்சியும் பல்லாயிரம் வருஷமாகப் பொறுக்கி எடுத்து வைத்த ஜாதிகள் இவை. நமது அங்கத்தினர்கள் இவற்றை “காட்டுச் செடி” என்று ஒதுக்கிவிட்டு, பெயர் வாயில் நுழையாத செடிக்கு ஐந்நூறு ரூபாய் கொடுப்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது.

மண்ணைப் பார்த்து மரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். கிழக்குத் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பக்கங்களில் கப்பிக்கல் கலந்த செம்மண். சில இடங்களில் இரண்டடிக்குக் கீழே பாறை. (இதே கப்பி மண்ணில்தான் 1863-ம் வருஷத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் மண்ணூல் வல்லவர் ஆதி மனிதரின் கல்லாயுதத்தைப் பல்லாவரத்தில் கண்டெடுத்தார். குழி வெட்டும்போது கடப்பாறையில் தட்டுவது எல்லாம் வெறுங்கல் என்று நினைக்கவேண்டியதில்லை.) இங்கே வேம்பு, சரக்கொன்றை, மகிழம், உலக்கைப் பாலை, நெல்லி நன்றாக வரும். பாறை மேலாக இருக்கும் மனையில் பெரிய மரத்தை விரும்பவே கூடாது. வேர் இறங்க வழியின்றித் தட்டுப்போலப் படர்ந்து, முதற்புயலில் தட்டோடு பெயர்ந்துவிடும்.

முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்ந்த இடங்களில் களிமண். நீர் பல நாள் தேங்கும். முருங்கை, பப்பாளி, மாதுளை ஆகியவை அத்தேக்கத்தில் அழுகும். நீர்மருது, புங்கம், நாவல் மூன்றும் காலில் தண்ணீர் நின்றாலும் பொறுப்பவை. கடற்கரையோரத்து மணலுக்குப் புன்னை, பூவரசு, பன்னீர் மரம் உகந்தவை. உப்புக்காற்று இவற்றுக்கு அந்நியமல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சதுப்பு 2022-ம் வருஷம் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது. உற்சாக மிகுதியால் சதுப்புக்குள்ளேயே மரக்கன்று நட விரும்பும் இளைஞர் சங்கங்கள் உண்டு. சதுப்பு என்பது புல்லும் நீரும் பறவையுமாகத் திறந்து கிடக்க வேண்டிய இடம். அங்கே மரம் நடுவது உபகாரமன்று.

இனி மனையின் அளவு. நம்மவர் பெரும்பாலோர்க்கு உள்ளது ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. பலருக்கு அதிலும் பாதி. வீடு போக மிஞ்சுவது முன்னால் பத்தடியும் பக்கவாட்டில் ஐந்தடியுமே. இதில் ஆலும் அரசும் நடுவது வீட்டுக்கும் மரத்துக்கும் அநியாயம். அவை ஏரிக்கரைக்கும் கோயில் வெளிக்கும் உரியவை, இலுப்பையும் அப்படியே. நான் கைக்கொள்ளும் கணக்கு இது: வேம்பு, நாவல், புங்கம் போன்ற பெரிய மரத்துக்குச் சுவரிலிருந்து இருபதடி, சரக்கொன்றை, மகிழம், மந்தாரை போன்ற நடுத்தர மரத்துக்குப் பத்து அல்லது பன்னிரண்டடி, பவழமல்லி, கறிவேப்பிலை, எலுமிச்சைக்கு ஐந்தடி. இருபதடி இல்லாதவர் வேம்பை ஆசைப்படாமல் அதைச் சங்கத்துப் பொது நிலத்தில் நட்டு நிழலை அனுபவிக்கலாம். கிணற்றுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் அருகில் எந்த மரமும் வேண்டாம். மின்கம்பிக்கு நேர் கீழே புதர்ச்செடி மாத்திரமே.

ஒடுங்கிய சந்துக்கு நெட்டிலிங்கம் உகந்தது. பலர் அதை அசோகு என்று அழைக்கிறார்கள். அசோகு வேறு, இது வேறு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இம்மரம் கிளையை விரிக்காமல் தூண்போல நிற்பதால் காற்றுக்குப் பிடி கொடுப்பதில்லை. தென்னையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது நாருள்ள மரம், சாதாரணப் புயலில் வளைந்து கொடுக்கும். ஆயினும் 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களில் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்ததையும் மறக்கலாகாது. வீட்டுக் கூரைக்கு மேல் சாயும் தூரத்தில் வைக்காமல், கொல்லைக் கோடியில் வைக்கலாம். முருங்கை எளிதில் முறியும். ஆனால் முறிந்தாலும் சேதம் சிறிது, ஒரு போத்தை ஊன்றினால் மறுவருஷம் காய் தரும். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை.

சிவந்த பூவே வேண்டுமென்று பிடிவாதமாயிருப்பவர், செம்மயிற்கொன்றையை நாற்புறமும் நாற்பதடி திறந்த வெளியுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்க்குச் சரக்கொன்றையைச் சிபாரிசு செய்கிறேன். சித்திரையில் இலை தெரியாமல் பொன் சரமாகத் தொங்கும். மரம் நடுத்தர அளவுக்கு மேற் போகாது. சமீப காலத்தில் கோனோகார்ப்பஸ் என்னும் செடியைச் சீக்கிரம் பச்சைச் சுவர்போல் வளர்கிறதென்று விற்கிறார்கள். அதன் வேர் குழாய்களை அடைப்பதாயும் மகரந்தம் சுவாசத்துக்குத் தீங்கு செய்வதாயும் புகார் எழுந்து, குஜராத் சர்க்கார் 2023-ம் வருஷத்தில் அதை நடுவதைத் தடை செய்தது. அதை வாங்கவேண்டாம்.

வேலிக்கும் வாசலுக்கும் உரிய செடிகள் விஷயத்தில் விரிவாகச் சொல்ல அவசியமில்லை. வீட்டுப் பெண்மக்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆடு மாடு திரியும் தெருவில் ஆடாதோடையும் நொச்சியும் உத்தமம். ஆடு வாய் வைப்பதில்லை, இலை மருந்துக்கும் உதவும். முள் வேலி வேண்டுவோர்க்குக் களா. காயை ஊறுகாய் போடலாம். மருதாணியைக் கத்தரித்து வேலியாக்கலாம். வெட்சி, நந்தியாவட்டை, செம்பருத்தி மூன்றும் வாசலுக்கு அழகு. அரளி எவ்வளவு வறட்சியிலும் பூக்கும் என்றாலும் அதன் எல்லாப் பாகமும் விஷம். மாடு வைத்திருப்பவரும் சிறு குழந்தைகள் உள்ளவரும் அதை விலக்கவேண்டும்.

எப்போது நடுவது என்பதில் நம்மவர் ஏமாறுவது அதிகம். தேசமெங்கும் ஜூலை முதல் வாரத்தில் வனமகோற்சவம் கொண்டாடும் வழக்கம் 1950-ம் வருஷத்தில் ஏற்பட்டது. வட தேசத்தில் அப்போது பருவமழை துவங்குகிறது. ஆகையால் அங்கே அது பொருத்தமே. தாம்பரத்தில் ஆனி மாதத்துக் கன்று வெயிலில் வதங்குகிறது. விழா முடிந்தபின் குடம் எடுப்பவர் இல்லை. இங்கே ஆவணி, புரட்டாசி மாதங்களில் சாயங்காலம் இடியோடு பெய்யும் மழைகளை நம்பி நடுவதே நன்று. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கன்று ஆறு, ஏழு வாரம் வேர் ஊன்றியிருக்கும். பிறகு மூன்று மாத மழையை முழுதும் குடித்துவிட்டுக் கோடையைச் சந்திக்கும். நீர் தேங்கும் தாழ்ந்த மனைகளுக்கு மாத்திரம் இது பொருந்தாது. அங்கே வெள்ளம் வடிந்த பின், மார்கழிக் கடைசியிலோ தையிலோ நட்டு, முதற்கோடைக்குக் கட்டாயம் தண்ணீர் விடவேண்டும்.

குழியை ஆனியிலேயே எடுத்துவிட வேண்டும்: மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல் மண்ணை ஒரு பக்கமும் கீழ் மண்ணை மறு பக்கமும் குவித்து, ஒரு மாதம் வெயிலில் ஆறவிட்டு, மக்கிய தொழுவுரமும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் மேல் மண்ணோடு கலந்து நிரப்புக. கன்றில் உயரமானதைத் தேடவேண்டாம். இதுதான் நர்சரியில் எல்லோரும் செய்யும் தவறு. ஆறடிக் கன்று சிறு பிளாஸ்டிக் பையில் இரண்டு வருஷம் கிடந்ததாயின், அதன் ஆணிவேர் பைக்குள்ளேயே கயிறு சுற்றினாற்போலச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே நட்டால் மேலே மரமாகும். கீழே சுற்றின வேர் சுற்றினபடியே பருத்து, பத்து வருஷத்தில் மரத்தைத் தானே நெரிக்கும், அல்லது காற்றில் குடைக்கம்புபோல் பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டடிக்கு உட்பட்ட இளங்கன்றே சிலாக்கியம். பையைக் கிழித்து அப்புறப்படுத்துக. சுற்றின வேரைக் கூரிய கத்தியால் கத்தரித்துவிடுக. பையோடு நட்ட கன்றுகளை எத்தனையோ இடங்களில் நான் பார்த்திருக்கிறேன்.

விதையிலிருந்து வளர்ப்பது இன்னும் மேல். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கிறது. அவ்விதையின் முளைக்கும் சக்தி சில வாரங்களில் குறைந்துவிடுவதால் சேமித்து வைக்காமல் உடனே ஊன்றவேண்டும். நாவல் விதையும் அவ்விதமே. பூவரசைப் பெரிய போத்தாக வெட்டி ஊன்றினால் சீக்கிரம் வளரும். ஆனால் போத்து மரத்துக்கு ஆணிவேர் இல்லை. அது வேலிக்கும் வாய்க்கால் கரைக்கும் தகும், வீட்டு வாசலுக்குத் தகாது.

முதல் இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் சிக்கனமாக விட ஒரு பழைய உபாயம் உண்டு. அடியில் சிறு துளையிட்டு அதில் துணித்திரி அடைத்த மண்பானையைக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, இரண்டு மூன்று நாளைக்கொரு முறை நிரப்பினால், ஈரம் வேரருகில் கசிந்துகொண்டிருக்கும். மாசியில் வேம்பும் புங்கமும் உதிர்க்கும் சருகைத் தெருவில் கூட்டிக் கொளுத்தாமல் கன்றைச் சுற்றி அரையடிக் கனம் பரப்புக. அடிமரத்தைத் தொடாமல் நான்கங்குலம் விட்டுப் பரப்பவேண்டும், இல்லையேல் கறையான் ஏறும்.

சிமெண்டைப் பற்றி மறுபடியும் சொல்லவேண்டியிருக்கிறது. பெரிய மரத்தைச் சுற்றி ஆறடிச் சதுரமும் சிறிய மரத்தைச் சுற்றி மூன்றடிச் சதுரமும் வெறும் மண்ணாகவே இருக்கட்டும். மழை நீர் இறங்கவும் வேர் மூச்சு விடவும் அவ்விடம் வேண்டும். வாசலைத் தளம் போடும் மேஸ்திரி ஒப்பமாட்டார், மண் ஒட்டுகிறதென்பார். அந்த இடத்தில் செங்கல்லைச் சாந்தின்றி அடுக்கச் சொன்னால் இருவருக்கும் சமாதானம்.

கிளை கழிக்கும் வேலை ஆவணிக்கும் புரட்டாசிக்கும் இடையில் நடக்கவேண்டும். காற்றுக்கு வழிவிட உட்கிளைகளையும் காய்ந்த கிளைகளையும் எடுப்பதே கழிப்பது. தலையை மொட்டையாக வெட்டுவதும் ஒரு பக்கத்தை மாத்திரம் வெட்டுவதும் கழிப்பதாகா. ஒரு பக்கம் வெட்டிய மரம் மறுபக்கம் சாய்ந்தே தீரும்.

இக்காரியத்தைத் தனித்தனியே செய்வதைவிடச் சங்கத்தின் மூலம் செய்வது செலவில் பாதியாகும். கப்பி மண்ணில் மூன்றடிக் குழி வெட்ட ஓர் ஆளுக்கு ஒரு நாள் பிடிக்கிறது. இருபது வீட்டார் சேர்ந்தால் கூலி பேச வசதி. மரம் ஏறிக் கழிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருவரே உள்ளனர்; முறைவைத்து அழைத்தால் ஒரு வாரத்தில் ஒரு தெரு முடியும். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நமது பக்கத்து வண்டலூர் உயிரியல் பூங்காவில்தான் துவக்கினார்கள். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகளைச் சங்கத்தின் பேரால் மொத்தமாக முன்கூட்டிக் கேட்பது, ஒவ்வொருவரும் சந்தையில் அகப்பட்டதை வாங்குவதைவிட மேலானது. கேட்கும்போது எண்ணிக்கையை மாத்திரம் எழுதாமல், எந்த மனைக்கு எந்த ஜாதி, சுவரிலிருந்து எத்தனை அடி என்று பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும்.

மேலே கூறிய சங்கத்தின் முற்றத்தில் தளத்தை உடைத்து ஆறடிச் சதுரம் மண் விட்டு, 2017-ம் வருஷம் ஆவணியில் ஒரு மகிழங்கன்று வைத்தார்கள். மகிழம் மெதுவாக வளரும் மரம். 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அதற்கு இன்னும் ஓட்டு விளிம்பின் உயரங்கூட வரவில்லை. சில இலைகள் கிழிந்ததன்றி வேறு சேதமில்லை. பேரேடுகளை இப்போது அறையின் மறுகோடியில், இரும்புப் பீரோவில் வைத்திருக்கிறார்கள்.